முப்பத்தொன்றுக்கு அடுத்த ஒன்று

சவரிமுத்து போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சுங்கை பட்டாணிச் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அழைத்தது அவருடைய மூத்த மகள் பிலோமினா. "அப்பா போயிட்டாங்க அங்கிள். காப்பி கலக்கிட்டு எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல. நாளைக்கு மத்தியானம் மெர்கோங் வீட்டுல இருந்து எடுக்கிறோம்." மீன்காரர் பையை நீட்டியபடி நிற்கிறார், நான் வாங்காமல் நிற்கிறேன். அழுகை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் காதில் முதலில் கேட்டது ஒரு பழைய அச்சுப்பொறியின் கரகரப்பும், அதற்கு மேல் கத்திய சவரியின் குரலும்தான். "ஓடுது பாரு லா, ஓடுது!"

சவரியை நினைத்தால் எனக்கு எப்போதுமே பரபரப்புத்தான் வரும். கராங்கான் பக்கம் அவரோடு வளர்ந்தவர்களுக்கும், சிடாம் கிரி அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், பிற்காலத்தில் மெர்கோங் கடைவீட்டு மாடியில் அவரிடம் கம்ப்யூட்டர் கற்றவர்களுக்கும் இது புரியும். அந்த மனிதர் ஓர் எண்ணைப் பார்த்தால் அதற்கு அடுத்த எண்ணைத் தேடுவார். அதைக் கண்டுபிடித்துவிட்டால் நாற்காலியில் உட்கார மாட்டார். ஆகவே நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடப் போவதுமில்லை.

எழுபதுகளின் நடுவில் இருவரும் ஒரே வாரத்தில் அந்தத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தோம். அவர் ரப்பர் பாலை அளந்து வாங்கும் பால் ஸ்டோரில், நான் பெரட்டில். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்கு, அதாவது எந்த ரப்பர் மரத் தொகுதிக்கு, போவது என்று சொல்வது. மழை பெய்தால் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு இல்லை, ஆகவே எங்களுக்கும் வேலை இல்லை. அப்படி ஒரு மழை நாளில் சவரி பழைய பெரட்டுத் தாளின் பின்பக்கத்தில் 2, 6, 12, 20, 30 என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"அடுத்தது என்ன, பொன்னு?"

"நாப்பது."

"ஏன் லா அவசரம்? பக்கத்துப் பக்கத்து நம்பரைக் கழிச்சுப் பாரு."

கழித்தேன். நான்கு, ஆறு, எட்டு, பத்து. அப்படியென்றால் அடுத்த வித்தியாசம் பன்னிரண்டு. "நாப்பத்திரண்டு!" என்று நான் கத்த, சவரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரீட்சையில் தேறியவனைப் பாராட்டுவதுபோல அல்ல, புதையலில் பங்கு கிடைத்தவரைப்போல. அன்றிலிருந்து மழைக்கு ஏங்கத் தொடங்கினோம். பால் கெட்டுப்போகிறதே என்று தோட்டமே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கும், இரண்டு கிராணிகள் மட்டும் இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்போம். இந்தப் பாவத்தை அவர் மாதா கோவில் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டாராம். நான் யாரிடம் சொல்வது!

எண்பதுகளின் நடுவில் தலைமை அலுவலகம் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரை அனுப்பியது. உர மூட்டைகளோடு லாரியில் வந்து இறங்கியது. எதற்கு அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் அதை ஓர் அறையில் வைத்து, மேலே மேசைத் துணியைப் போர்த்தி, கதவைப் பூட்டினார். ஆயுத பூஜை வந்தபோது நாங்கள் திறந்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி பூட்டினோம். சவரி கத்தோலிக்கர் என்றாலும் பூஜையில் முன்வரிசையில் நின்றார். "பொத்தான்ல மட்டும் குங்குமம் வைக்காதீங்க லா, ஒட்டிக்கும்" என்று கெஞ்சினார். அதன் கூடவே வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை மட்டும் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் அதைச் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டே திரிந்தார். கோவில் சாமியார்கூட அது பைபிளா என்று விசாரித்தாராம்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், மேனேஜர் அனுமதி கொடுத்து, கதவு திறந்தது. சவரி மூன்று வரி எழுதினார். ஃபார் ஐ, ஒன்று டு நூறு. பிரின்ட் ஐ. நெக்ஸ்ட் ஐ. அவ்வளவுதான். "நீ அமுக்கு" என்றார். நான் அமுக்கினேன். திரையில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடின. நான் ஒரு வாழ்நாள் முழுவதும் கோடு போட்டு எண் எழுதியவன். வரிசை எண் எழுதி எழுதியே நடுவிரலில் காய்ப்பு வந்தவன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது!

அதன் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஸ்டெப் இரண்டு என்று ஒரு சொல்லைச் சேர்த்தார், ஒற்றைப்படை எண்கள் மட்டும் வந்தன. ஸ்டெப்பைக் கழித்தல் குறியோடு போட்டார், வரிசை பின்னால் நடந்தது. ஒற்றைப்படை எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்கள் இறங்கின. "யாரும் சொல்லித் தரல பொன்னு, அதுவா வருது பாரு!" என்று அறையைச் சுற்றி நடந்தார். ஆர்வக்கோளாறில் நான் ஸ்டெப் சைபர் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டுத் தொலைத்தேன். போட்டார். 1, 1, 1, 1 என்று திரை நிறைந்து, நிற்கவே இல்லை. இருவரும் வெலவெலத்துப் போய் மின்கம்பியைப் பிடுங்கினோம். "நகராம நடன்னு சொன்னா அது என்ன பண்ணும், பாவம்" என்று சவரி அந்தப் பெட்டிக்காகப் பரிதாபப்பட்டார்.

இப்படி விளையாடி விளையாடி அவர் சொந்தமாக ஒரு மென்பொருளே எழுதிவிட்டார். சரம் என்று பெயர் வைத்தார். திரையில் தமிழ் வராது, ஆங்கில எழுத்தில்தான் சரம் என்று மின்னும். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, எத்தனை தாண்டுவது என்று மூன்று கேள்வி கேட்கும். பதில் சொன்னால் பட்டியலைக் கொட்டும். கொட்டிய பட்டியலை வர்க்கமாக்கும், கூட்டும், தலைகீழாக்கும். எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்து வித்தியாசங்களைத் தனிப் பட்டியலாகக் கொடுக்கும். அதைப் பற்றிச் சவரி அடிக்கடி சொல்வது ஒன்றுண்டு. "நடுவுல எல்லாம் தேவதூதன்தான் பொன்னு. சாத்தான் தொடக்கத்திலயும் முடிவிலயும்தான் உக்காந்திருப்பான்." பட்டியலின் இரு முனைகளில்தான் தப்பு நேரும் என்பதை இப்படிச் சொல்வார். நான் சிரிப்பேன். அதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சோதனை வந்தது. எங்கள் தோட்டத்தில் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது வழக்கம். முதிர்ந்த காடு ஒன்றில் மட்டும் மூன்று நாளுக்கு ஒரு முறை வெட்டிப் பார்க்கலாம், மரத்துக்கு ஓய்வு கிடைத்தால் பால் எப்படி இருக்கிறது என்று தெரியும் என்றார் மேனேஜர். காட்டை மூன்று பங்காக்கி, மூன்று பேரிடம் கொடுத்தார். முதல் பங்கு பாக்கியத்துக்கு, இரண்டாவது முனியாண்டிக்கு, மூன்றாவது லெட்சுமிக்கு. ஓய்வு நாளோ விடுமுறையோ எது வந்தாலும் இந்தக் காட்டில் முறை மாறாது என்பது நிபந்தனை. மற்ற நாட்களில் மூவரும் வழக்கமான காடுகளுக்குப் போவார்கள். நாள் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு சவரிக்கு. சரத்துக்கு முதல் உத்தியோகம்! அவர் அந்த வாரம் முழுவதும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

அவர் முதலில் எழுதியது மிகச் சரியான பட்டியல். மே முதல் தேதியை ஒன்று என்று வைத்து, மாதக் கணக்கே பார்க்காமல் ஓராண்டுக்கு எண்ணிக்கொண்டே போனார். பாக்கியத்துக்கு 1, 4, 7, 10. முனியாண்டிக்கு 2, 5, 8. லெட்சுமிக்கு 3, 6, 9. முந்நூற்று அறுபத்தைந்து வரை நீளமான தாள், அறைக்கு வெளியே வரை ஓடியது. நான்தான் அதைக் கையில் எடுத்துப் பார்த்து முகம் சுளித்தேன்.

"இது என்ன சவரி, தொண்ணூத்தி நாலாவது நாள்னு பெரட்டுல நான் கூப்பிடவா? ஜனங்க சிரிக்கும். என் புத்தகம் மாசக் கடைசியில மூடும், ஒண்ணாந்தேதி புதுசா திறக்கும். மாசத்துக்கு ஒரு தாளா, ஒண்ணுல இருந்து தொடங்கிக் குடு."

"அப்படி நறுக்கினா மாசக் கடைசியில இடிக்கும் லா."

"இடிக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்."

பெரட்டுக் கிராணிக்கு ஒண்ணாந்தேதி என்பது சாமி மாதிரி. எல்லாமே அன்றைக்குத்தான் பிறக்கும். சவரி நீளத் தாளைச் சுருட்டி வைத்தார். பிறகு நான் கேட்டபடியே மாதத்துக்கு ஒரு தாளாக அச்சடித்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "மாசம் மாறுற அன்னிக்கு மட்டும் என்கிட்ட காட்டிட்டு அப்புறம் படி. மறக்காதே" என்றார். நான் தலையை ஆட்டினேன். மறந்தேன்.

ஜூன் ஒன்றாம் தேதி பாக்கியம் கொண்டுவந்த பால் தண்ணீராக இருந்தது. ஸ்டோரில் பாலின் கெட்டியைப் பார்க்க ஒரு கண்ணாடி மிதவை உண்டு, ரப்பர் பால் கெட்டியாக இருந்தால் அது ஆழமாக அமிழும், தண்ணீராக இருந்தால் மேலே ஏறி நிற்கும். அன்று மிதவை வழக்கத்தைவிட நன்றாக மேலே ஏறி நின்றது. வாளியில் தண்ணீர் கலந்துவிட்டாள் என்று, வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் எச்சரித்தார். ஜூலை ஒன்றாம் தேதி பால் நன்றாகவே இருந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பெரட்டில் நான் புதுத் தாளை விரித்து, "பாக்கியம், சோதனைக் காடு" என்று படித்தேன்.

"கிராணியாரே, நேத்துதானே அங்க வெட்டிட்டு வந்தேன்?"

"நேத்து போன மாசம். இது புது மாசம், புது லிஸ்ட். கம்ப்யூட்டர் சொல்லுது, போ."

"மாசம் புதுசுதான். மரம் அதே மரந்தானே?"

பெரட்டில் நின்ற நூறு பேரும் சிரித்தார்கள். அவளுடைய கேள்வி நியாயமானது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பேசிக்கொண்டு நிற்காதே என்று அதட்டினேன். பாக்கியம் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று மிதவை மறுபடியும் மேலே ஏறியது. மறுநாள் முனியாண்டியின் பாலும் அதற்கு மறுநாள் லெட்சுமியின் பாலும் என்றுமில்லாத கெட்டியாக வந்து, பாக்கியத்தின் பாலை இன்னும் மோசமாகக் காட்டின.

இரண்டாவது முறை என்றால் மன்னிப்புக் கிடையாது. வாரக் கடைசியோடு பாக்கியத்துக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் கண்டக்டர். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷன் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, இரண்டு பெண் பிள்ளைகள் அந்த வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. பாக்கியம் ஸ்டோர் வாசலில் வந்து நின்று அழவில்லை, கெஞ்சவில்லை. சவரியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நான் தண்ணி கலக்கல அண்ணே." பிறகு போய்விட்டாள்.

சவரிக்கு அது தாங்கவில்லை. ஸ்டோர் புத்தகத்திலிருந்து மூன்று பேரின் பால் கெட்டியையும் எடுத்து எழுதினார். "ஜூன் ஒண்ணு தண்ணி, ஆகஸ்ட் ஒண்ணு தண்ணி. ஜூலை ஒண்ணு ஏன் நல்லா இருக்கு? திருடுறவ ஜூலையில மட்டும் லீவு எடுப்பாளா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். நான் பெரட்டில் படித்த தேதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, மே முதல் தேதியிலிருந்து எத்தனையாவது நாள் என்று மாற்றி, சரத்துக்குள் ஏற்றினார். வித்தியாசம் எடுக்கச் சொன்னார். அச்சுப்பொறி இரைந்தது.

3, 3, 3, 3 என்று பத்து மூன்றுகள். பிறகு ஓர் ஒன்று. பிறகு இருபது மூன்றுகள். மறுபடியும் ஓர் ஒன்று!

முனியாண்டிக்கு எடுத்தார். அங்கே ஒன்றுக்குப் பதில் நான்கு. லெட்சுமிக்கும் நான்கு. "ஓடுது பாரு லா, ஓடுது!" என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு பயமும் கலந்த ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி வெட்டிய மரத்தை, மாதம் மாறியது என்று ஜூன் ஒன்றாம் தேதியே மறுபடி வெட்டச் சொல்லியிருக்கிறோம். ஜூலை முப்பத்தொன்றுக்கும் அதே கதை. ஜூனுக்கு முப்பதே நாள் என்பதால் ஜூலை ஒன்று மட்டும் தப்பித்தது. அடுத்தடுத்த நாள் வெட்டினால் எந்த மரமும் தண்ணிப் பால்தான் விடும், அது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும், ஆனால் கம்ப்யூட்டர் அடித்த தாளை யாரும் சந்தேகிக்கவில்லை. மற்ற இருவரின் மரங்களுக்கோ ஒரு நாள் கூடுதல் ஓய்வு. கண்டுபிடித்துவிட்டோம்! நான் துள்ளினேன் என்றே சொல்ல வேண்டும்.

துள்ளல் அடங்கியபோது சவரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாசம் மாறுற அன்னிக்குக் காட்டச் சொன்னேனே, பொன்னு" என்றார். ஒரு முறைதான் சொன்னார்.

அலுவலகத்துக்கு நடக்கும் வழியில், "நான் சொல்லிடறேன், சவரி" என்று முனகினேன். எனக்கு அப்போது கைக்குழந்தை, குடியிருந்தது தோட்டம் கொடுத்த வீடு. முனகல் எவ்வளவு மெலிவாக வந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். சவரி நடையை நிறுத்தவில்லை. "ரெண்டு பேரு போய் நீயா நானான்னு நின்னா விசாரணை இழுக்கும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்கும். ஒருத்தன் தப்புன்னா இன்னிக்கே முடியும். சும்மா வா" என்றார்.

மேனேஜர் முன்னால் அந்தத் தாளை விரித்தார். "என் ப்ரோகிராம், என் தப்பு. அந்தம்மா தண்ணி கலக்கல." மேனேஜர் நம்பவில்லை. கண்டக்டர் அதற்கும் மேல், கம்ப்யூட்டரும் பாக்கியமும் சொந்தக்காரர்களா என்று கேலி பேசினார். உடனே சவரி ஒரு சவால் விட்டார். முனியாண்டியின் முறை மறுநாள் வருகிறது. அவன் மறுநாளும் வெட்டட்டும், அதற்கு அடுத்த நாளும் அதே மரங்களை வெட்டட்டும். கண்டக்டரே கூட நிற்கட்டும், வாளியையும் அவரே தூக்கி வரட்டும். கெட்டியாக வந்தால் பாக்கியத்தோடு தானும் தோட்டத்தை விட்டுப் போவதாகச் சொன்னார்.

இரண்டாம் நாள் ஸ்டோரில் நின்ற கூட்டத்தைத் திருவிழாவில்தான் பார்க்கலாம். கண்டக்டர் மூச்சு வாங்க இரண்டு வாளிகளையும் சுமந்துகொண்டு வந்தார், வாழ்நாளில் முதல் முறையாக. மிதவையைப் பாலில் விட்டார்கள். மேலே ஏறியது! முதல் நாள் நின்ற கோட்டைத் தாண்டி, பாக்கியத்தின் பாலில் நின்ற அதே இடத்துக்குப் போய் நின்றது. யாரோ விசிலடித்தார்கள். முனியாண்டி, "நான் தண்ணி கலக்கல சாமி" என்று கும்பிட, கூட்டம் வெடித்துச் சிரித்தது. பாக்கியம் சிரிக்கவில்லை, சவரியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் பெரட்டில் மேனேஜரே வந்து, பாக்கியத்தின் மேல் குற்றமில்லை, வேலையும் வீடும் அவளுடையவைதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இதற்குச் சவரி ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இனி அந்த மிஷினைத் தொடக் கூடாது என்றார் மேனேஜர். அடுத்த மாதமே அது வேறு தோட்டத்துக்கு லாரி ஏறியது. லாரி திரும்பும் வரை சவரி ஸ்டோர் வாசலில் நின்று பார்த்தார். சொந்தமாக ஒன்று வாங்க அவருக்கு ஆறு வருஷம் பிடித்தது. அதை வைத்துத்தான் மெர்கோங்கில் வகுப்பைத் தொடங்கினார்.

அதோடு அவருக்கு ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. முப்பத்தொண்ணு கிராணி. லயத்துப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டன, பிறகு பெரியவர்களும். மெர்கோங்கில் படிக்க வந்தவர்களுக்கும் அந்தப் பெயர் எப்படியோ போய்ச் சேர்ந்தது. ஒரு முறை தாங்காமல், "உனக்குக் கோபம் வரலையா?" என்று கேட்டேன். "ஏன் லா? நல்ல நம்பர். பகா எண். யாராலயும் வகுக்க முடியாது" என்று சிரித்தார். அப்போதாவது நான் வெளியே சொல்லியிருக்கலாம். பாக்கியத்தைக் காப்பாற்ற அன்று என் வாயை மூடினோம், சரி. அவளுக்கு வேலை உறுதியான மறுநாளே அந்தக் காரணம் தீர்ந்துபோனது. அதன் பிறகு மூடியிருந்தது வெறும் கோழைத்தனம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்வதில் ஏதோ ஒரு சந்தோஷமும் இருக்கிறது.

அடக்கத்தன்று ஜெபம் முடிந்ததும் அவருடைய பழைய மாணவர் ஒருவர் எழுந்து, சார் மாதத்தைச் சரியாக எண்ணத் தெரியாமல் ஒரு தோட்டத்தையே கலக்கிய கதையைச் சொன்னார். அன்போடுதான் சொன்னார். எல்லோரும் கண்ணீரோடு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தில் வயதான ஓர் அம்மாள் மகளின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாக்கியம். என் பக்கம் திரும்பி, "தான் பண்ணின தப்பைத் தானே போய்ச் சொன்ன மனுஷன், கிராணியாரே. இப்ப யாரு இருக்கா அப்படி?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஆமாம் கூடவே வந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாக்கியம் அக்கா, சவரி எழுதிய பட்டியலில் தப்பே இல்லை. அது முந்நூற்று அறுபத்தைந்து வரை ஒழுங்காக ஓடியது. அதை மாதம் மாதமாக வெட்டச் சொன்னவன் நான். காட்டச் சொல்லியும் காட்டாதவன் நான். நூறு பேர் முன்னால் உங்கள் வாயை அடைத்தவனும் நான். மெர்கோங் மாணவர்களே, உங்கள் சாருக்கு எண்ணத் தெரியும்.

சவரியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அவர் புத்தகத்தையோ தாள்களையோ அல்ல, அந்தப் பெயரைத்தான். இனி அலோர் ஸ்டாரிலோ சுங்கை பட்டாணியிலோ என்னைப் பார்த்தால் முப்பத்தொண்ணு என்று கூப்பிடுங்கள். சத்தமாகவே கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.